பொன்னாடை வேணாம், டேப் பெட்டிய திருப்பி குடுங்க

தலைவர் ஐயாவுக்கும் செயலவையில இருக்கற மத்தவங்களுக்கும்,

விருது வாங்க நான் வரமாட்டேன். அத மொதல்லயே சொல்லிடறேன், மேடையில நாற்காலி எண்ணி போடறவங்களுக்கு உதவியா இருக்கும்.

போன மாசம் செயலாளர் அண்ணன் வாட்சப்ல ஒரு கடிதம் அனுப்பியிருந்தாரு. சங்கத்தோட பொன்விழாவுல எனக்கு வாழ்நாள் சேவை விருதாம், பொன்னாடை கேடயம் மாலை எல்லாம் உண்டாம், மலர்ல போட 150 சொல்லுக்குள்ள ஒரு வாழ்க்கைக் குறிப்பும் பாஸ்போர்ட் சைஸ் படமும் வேணுமாம். படத்த அன்னைக்கே அனுப்பிட்டேன். குறிப்ப எழுத உக்காந்தப்ப தான், 2004ல சங்கத்துக்காக நம்ம தோட்டத்து பெருசுங்கள நான் எடுத்த வீடியோ பேட்டி மொத்தம் எத்தன டேப்புன்னு சரியா போட்டா நல்லாருக்குமேன்னு தோணுச்சு. என் நோட்டுல 164ன்னு இருக்கு, ஆனா எதுக்கும் ஒரு தடவ எண்ணிடலாம்னு கட்டடத்துக்கு வந்து, மாடிப்படிக்கு கீழ இருக்கற ஸ்டோர காவலாளி அண்ணன தொறக்க சொன்னேன்.

நாலு பிளாஸ்டிக் பெட்டி இருக்கணும். மூனு தான் இருந்துச்சு. 1லேர்ந்து 40, 78லேர்ந்து 120, 121லேர்ந்து 164. நடுவுல 41லேர்ந்து 77 வரைக்கும் போட்டு வெச்ச பெட்டி இருந்த எடத்துல செவப்பு நாற்காலி அடுக்கி வெச்சிருக்கு. காவலாளி அண்ணன் பாவம், அவரு மேல தப்பே இல்ல, கேட்டதும் உள்ளத சொல்லிட்டாரு. ஒடைஞ்ச மேசை, பழைய ஆம்ப்ளிஃபயர், ரெண்டு மூட்டை பழைய பேப்பர், கூடவே "அந்த கேசட்டு பொட்டி ஒன்னு", எல்லாத்தையும் ரீசைக்கிள் லோரில ஏத்தியாச்சாம். லோரில எடம் பத்தல, மிச்ச மூனு பெட்டிக்கு மறுபடியும் வருவாங்களாம்.

நோட்டீஸ் போர்டுல உங்க கூட்டக் குறிப்பும் ஒட்டியிருந்துச்சு, நின்னு படிச்சேன். "பயன்பாடற்ற பழைய பொருள்களை அப்புறப்படுத்துதல், ஏகமனதாக ஏற்கப்பட்டது." அதுக்கு ரெண்டு வரி கீழயே என் விருது. அதுவும் ஏகமனதா தான்.

ஐயா, அந்த பெட்டியில என்ன இருந்துச்சுன்னு உங்கள்ல ஒருத்தருக்காவது தெரியுமா? தெரிஞ்சிருந்தா தூக்கிப் போட்டிருக்க மாட்டீங்கன்னு தான் இன்னமும் நம்பறேன், அதனால தான் சண்ட போடாம எழுதறேன். 150 சொல்லு கணக்க மறந்துடுங்க. என் வாழ்க்கைக் குறிப்ப இங்கேயே எழுதறேன், அந்த பெட்டிய பத்தி சொல்றதும் இத சொல்றதும் வேற வேற இல்ல.

1996ல எனக்கு 19 வயசு. எஸ்பிஎம் பள்ளி இறுதி பரீட்சையில கணக்கு ஊத்திக்கிச்சு. பினாங்கு ஜார்ஜ்டவுன் லெபோ பாசார் பக்கத்துல ஒரு வீடியோ கடையில லைட்டு புடிக்கற வேலைக்கு போனேன், ஒரு கல்யாணத்துக்கு 30 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), கடைசி பந்தியில சாப்பாடு. சன்கன் லைட்ட தூக்கிகிட்டு கேமராமேன் பின்னாலயே ஓடணும், வயரு எந்த அத்தை காலுலயும் மாட்டக்கூடாது, தாலி கட்டற நேரம் பாத்து மாமன் மச்சான் எல்லாரும் குனிஞ்சு மறைப்பாங்க, அந்த மூனு செகண்டுல எடுக்கலன்னா போச்சு, இன்னொரு தடவ கட்டுங்கன்னு மாப்பிள்ளைய கேக்க முடியாது. ரெண்டு வருஷம் கழிச்சு தான் கேமராவ கையில குடுத்தாங்க. ஆடியும் மார்கழியும் வந்துட்டா கல்யாணம் கெடையாது, நமக்கு காசும் கெடையாது. தைப்பூசத்துக்கு தண்ணீர்மலையில மூனு நாள் தூங்காம எடுத்தா கொஞ்சம் கடன் அடையும்.

அப்படி ஒரு ஆடி மாசத்துல தான் கோலாலம்பூர்லேர்ந்து ஒரு பெரியவரு வந்தாரு, பினாங்கு துறைமுகத்துல மூட்டை தூக்கினவங்கள பத்தி ஒரு ஆவணப்படம் எடுக்க. அவருக்கு ஒரு அசிஸ்டென்ட் வேணும், எனக்கு வேல வேணும். நான் அவர பெரியண்ணன்னு தான் கூப்பிடுவேன். மொத நாளு ஒரு தாத்தாவ உக்கார வெச்சு எடுத்தோம். ஒரு மணி நேரம் நல்லா பேசினாரு, அப்புறம் நிறுத்திட்டாரு. நான் ஆஃப் பண்ண கைய நீட்டினேன், பெரியண்ணன் என் மணிக்கட்ட புடிச்சிட்டாரு. ஒரு நிமிஷத்துக்கு மேல ஒன்னுமே நடக்கல, கேமரா ஓடுது, தாத்தா வெளிய பாக்கறாரு. அப்புறம் திடீர்னு, "நான் சொன்னதுல பாதி எனக்கு நடந்தது இல்லப்பா, என் தம்பிக்கு நடந்தது. அவன் செத்துட்டான். அவன யாரும் வந்து கேக்க போறதில்ல, அதான் எனக்கு நடந்த மாதிரி சொல்லிட்டேன்"னாரு.

அன்னைக்கு ராத்திரி பெர்ரில பட்டர்வொர்த்துக்கு திரும்பி வரப்ப எனக்கு கை நடுங்கிச்சு. கல்யாண வீடியோவ நான் விடல, விட்டா சாப்பாடு இல்ல, இன்னைக்கு வரைக்கும் எடுக்கறேன். ஆனா நான் என்ன வேல பாக்கறேன்னு யாராவது கேட்டா ஆவணப்படம் எடுக்கறேன்னு சொல்ல ஆரம்பிச்சது அதுக்கப்புறம் தான்.

2001ல சோனி பிடி150 வீடியோ கேமரா வாங்கினேன். ஒரு டாலருக்கு 3.80 வெள்ளின்னு அரசாங்கம் கட்டி வெச்சிருந்த காலம், எல்லா சாமானும் சேத்து 15,000 வெள்ளி கிட்ட வந்துச்சு. அம்மாவோட சங்கிலி அடகுக்கடைக்கு போச்சு, அத மீட்க மூனு வருஷம் ஆச்சு. ஒரு ரப்பர் தோட்டத்து ஆளு பினாங்குல சொந்தமா கேமரா வெச்சு ஆவணப்படம் எடுக்கலாங்கறதே அந்த சின்ன கேமராவால தான் நடந்துச்சு, அதுக்கு முன்னாடி டிவிக்காரங்க வெச்சிருந்த பீட்டாகேம் கேமராவ வாடகைக்கு எடுக்கறதுன்னா நம்மால முடியற காரியமா.

2004ல அப்ப தலைவரா இருந்த ஐயா என் வீட்டுக்கே வந்தாரு. மோட்டார்ல வந்தாரு, கூட யாரையும் கூட்டிட்டு வரல. "நம்ம பெருசுங்க ஒவ்வொருத்தரா போய்கிட்டு இருக்காங்க தம்பி, இருக்கறவங்கள எடுத்து வெச்சிடு"ன்னாரு. 18,000 வெள்ளின்னு பேசினோம், 9,000 வந்துச்சு, மிச்சம் அப்புறம் பாத்துக்கலாம்னாங்க. அந்த மிச்சத்த நான் இப்ப கேக்கல, கேக்கறேன்னு வெளிய யாராவது சொன்னா அது பொய். ஒரு கணக்குக்காக எழுதறேன், அவ்ளோ தான்.

14 மாசம் சுத்தினேன். கூலிம், சுங்கை பட்டாணி, நிபோங் தெபால், புக்கிட் மெர்தாஜாம், தோட்டம் வித்ததுக்கப்புறம் சனங்க குடி வந்த பிறை பக்கத்து பிளாட்டுங்க. 61 பேரு. சின்னவங்களுக்கு 68 வயசு, பெரியவருக்கு 94. பெரட்டுக் களத்துல விடிகாலையில பேரு கூப்பிடறது, பாலு வெட்ட நிரை (மர வரிசை) புடிக்கறது, ரப்பர் பாலு வடியற மங்குல மழத்தண்ணி பூந்து பாலு கெட்டுப் போனா அன்னைக்கு சம்பளம் அரை நாளா போறது, ஆயாக்கொட்டகையில புள்ளைய விட்டுட்டு போறப்ப அது அழற சத்தம் எந்த மரம் வரைக்கும் கேக்கும்ங்கறது, 1947ல பீடோங் பக்கம் கள்ளுக்கடைக்கு எதிரா தொண்டர் படை எறங்கினப்ப யாரு ஓடினா யாரு நின்னா, எல்லாம் அவங்க வாயால, அவங்க தமிழ்ல.

கதவ தொறந்தாங்கன்னா அது எனக்காக இல்ல. "சங்கத்துலேர்ந்து வந்திருக்கோம்"னு சொன்னதுக்காக. உங்க பேர சொல்லி தான் நான் உள்ள போனேன்.

ஒரு வீட்டுக்கு போனா மொத வேல ஃபேன ஆஃப் பண்றது, அப்புறம் ஐஸ் பெட்டிய. ரெண்டும் மைக்குல இரையும். ஐஸ் பெட்டிய ஆஃப் பண்ணிட்டு மறந்து போயிட்டா அவங்க மீனு கெட்டுடும், அதனால என் மோட்டார் சாவிய எடுத்து ஐஸ் பெட்டிக்குள்ள வெச்சிடுவேன், சாவி இல்லாம வீட்டுக்கு போக முடியாதுல்ல, எடுக்க போறப்ப சுவிட்சு ஞாபகம் வரும். பெரியண்ணன் சொல்லிக் குடுத்த தந்திரம். கூலிம்ல ஒரு பாட்டி அத பாத்துட்டு, "ஏம்பா சாவி சூடா இருக்கா"ன்னு கேட்டுச்சு. சிரிச்சு சிரிச்சு எனக்கு ஃபோகஸ் போச்சு.

அந்த பாட்டி தான் டேப் 58.

1937ல ரஜூலா கப்பல்ல நாகப்பட்டினத்துலேர்ந்து அப்பன் கூட வந்தவங்க, 13 வயசு. அடுத்த வருஷமே இந்தியாவுல தோட்டத்துக்கு ஆள் அனுப்பறத நிறுத்திட்டாங்க, "ஒரு வருஷம் பிந்தியிருந்தா நான் தஞ்சாவூர்லயே நெல்லு நட்டுகிட்டு இருந்திருப்பேன்"னு சொன்னாங்க. ஜெரஜாக் தீவுல கோரன்டைன்ல உக்கார வெச்சது, தலையில மருந்து ஊத்தினது, எல்லாத்தையும் சிரிச்சுகிட்டே சொன்னாங்க. வெள்ள பொடவை கட்டியிருந்தாங்க, நான் வெள்ள காகிதம் கொண்டு வர மறந்துட்டேன், அந்த பொடவைய காட்டி தான் கேமராவுக்கு எது வெள்ளைன்னு சொல்ற வைட் பேலன்ஸ் போட்டேன். எதுக்கு இவ்ளோ கிட்ட வரேன்னு கேட்டாங்க, கலருக்கு பாட்டின்னேன், "வெள்ளையில என்னப்பா கலரு"ன்னாங்க.

18 வயசுல கல்யாணம். 1943ல புருஷன ஜப்பான்காரன் சயாம்-பர்மா ரயில் வேலைக்கு புடிச்சிகிட்டு போயிட்டான். 415 கிலோமீட்டர் ரயில் பாதை, அந்த வருஷம் அக்டோபர்ல முடிஞ்சு போச்சு, போனவரு வரல. பாட்டி சொன்னது இது தான்: "ரெண்டு வேட்டி எடுத்து மூட்டையில வெச்சாரு. ஒன்ன நான் அவருக்கு தெரியாம திருப்பி எடுத்துட்டேன். வந்தா கட்டிக்க நல்ல வேட்டி வேணும்ல." அதோட நிறுத்திட்டாங்க. நான் கேமராவ தொடல. கிட்டத்துல பல்லி கத்துது, வெளிய ஒரு சேவல், பாட்டி பொடவ முந்தானைய விரல்ல சுத்தி சுத்தி அவுக்கறாங்க. டைம்கோடு பாத்து 43 செகண்டுன்னு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். 43 செகண்டுக்கப்புறம், "அங்க குளிருமாமே"ன்னாங்க.

இத நான் சொல்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. சங்கத்துக்கு எடுத்த 52 நிமிஷ படத்துல அந்த 43 செகண்டு 4 செகண்டா தான் இருக்கு. வெட்டினது நான் தான். செயலவையில மொத கட் காட்டினப்ப "இந்த எடத்துல ஒன்னுமே நடக்கலையே, ஆளுங்க எழுந்து போயிடுவாங்க"ன்னு சொன்னாங்க, எனக்கும் எதுத்து பேச தெம்பு இல்ல, மனைவி மாசமா இருந்தா, மிச்ச காசு வேற வரணும். வெட்டிட்டேன். டேப்பு பத்திரமா சங்கத்துல தானே இருக்கு, என்னைக்காவது முழுசா போடலாம்னு மனச தேத்திகிட்டேன். 20 வருஷமா அந்த நெனப்புல தான் இருந்தேன்.

58, 41க்கும் 77க்கும் நடுவுல வருது ஐயா.

2006ல அந்த படத்த நம்ம மண்டபத்துல ஒரே ஒரு தடவ போட்டோம். சிறப்பு விருந்தினர் ரெண்டு மணி நேரம் லேட்டு. அவரு வந்ததும் 20ஆவது நிமிஷத்துல படத்த நிறுத்திட்டு லைட்ட போட்டு வரவேற்புரை ஆரம்பிச்சிட்டாங்க. முன் வரிசையில ஒம்போது பெருசுங்க, பாட்டியும் இருந்தாங்க, தன் மொகம் வரும்னு காத்துகிட்டு இருந்தாங்க. அது 31ஆவது நிமிஷம். அப்புறம் மிச்சத்த போடவே இல்ல, சாப்பாடு ஆறிப் போகுதுன்னாங்க.

சரி, அது போகட்டும். பெட்டி காணோம்னு தெரிஞ்ச அன்னைக்கே பொருளாளருக்கு ஃபோன் போட்டேன். அவரு சொன்ன மூனு சமாதானத்துக்கும் பதில் சொல்லிடறேன், இல்லன்னா அதையே எல்லார்கிட்டயும் சொல்வீங்க.

டிவிடி தான் இருக்கேன்னாரு. இருக்கு, 52 நிமிஷம். 164 மணி நேரத்துல அது நூத்துக்கு ஒன்னு கூட இல்ல, அதுல பாதி. அதுவும் அமுக்கி அமுக்கி போட்ட படம், டேப்புல இருக்கற தரத்துல அஞ்சுல ஒரு பங்கு தேறுனா பெருசு. அப்பவே எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்கலாம்லன்னு கேப்பீங்க. ஒரு மணி நேர டேப்புக்கு 13 ஜிபி வேணும். 2005ல என் கம்ப்யூட்டர்ல இருந்தது 80 ஜிபி டிஸ்க்கு ரெண்டு. வேணுங்கற துண்ட மட்டும் ஏத்தி, படத்த முடிச்சு, அடுத்த கல்யாணத்துக்கு எடம் வேணும்னு அழிச்சிட்டேன். எல்லாரும் அப்படி தான் செஞ்சோம். அதனால அந்த 61 பேரும் பேசினது உலகத்துல ஒரே எடத்துல தான் இருந்துச்சு, உங்க மாடிப்படிக்கு கீழ.

பூஞ்சை புடிச்சிருச்சு, ஓடாதுன்னாரு. யாரு ஓட்டி பாத்தா? இது மினிடிவிங்கற சின்ன வீடியோ கேசட்டு, சங்கத்துல அத ஓட்டற மெஷினே கெடையாது. காவலாளி அண்ணன்கிட்ட சொல்லிட்டு, நோட்டுல கையெழுத்தும் போட்டுட்டு ரெண்டு டேப்ப வீட்டுக்கு எடுத்துட்டு போனேன். பழைய பிடி150 இன்னும் வெச்சிருக்கேன், இதுக்குன்னே. டேப் 3 நேத்து எடுத்த மாதிரி ஓடுது. டேப் 112ல மொத ரெண்டு நிமிஷம் கட்டம் கட்டமா ஒடையுது, அப்புறம் சுத்தமா இருக்கு. பெட்டியில மிச்சம் இருக்கறத ஒவ்வொன்னா வெளிச்சத்துல புடிச்சு பாத்தேன், ஓரத்துல வெள்ள பொடி மாதிரி பூஞ்சை இருக்கறது அஞ்சு தான், அதையும் பொறுமையா தொடைச்சு எடுக்கலாம். பினாங்கு ஈரக்காத்துல இத்தன வருஷம் தாங்கியிருக்கு. தாங்காதது டேப்பு இல்ல, மெஷினு. மினிடிவி டெக்கு இப்ப எந்த கம்பெனியும் செய்யறதில்ல, ஹெட்டு தேஞ்சா மாத்த பாகம் இல்ல, டேப்ப கம்ப்யூட்டர்ல ஏத்த வயர் சொருகற ஃபயர்வயர் ஓட்டையே புது கம்ப்யூட்டர்ல கெடையாது. என் மெஷினு இன்னும் எத்தன வருஷம் ஓடும்னு எனக்கே சொல்ல தெரியாது, அதனால தான் அவசரம்.

மூனாவதா, டேப்பு சங்கத்து சொத்து, என்ன வேணா செய்வோம்னாரு. இதுல அவரு சொல்றது சட்டப்படி சரியா கூட இருக்கலாம். நாம எந்த காகிதத்துலயும் கையெழுத்து போடல, வேற மாதிரி பேசி வெக்கலன்னா எடுக்க சொன்னவங்களுக்கே உரிமைன்னு தான் 1987 காப்புரிமை சட்டம் இருக்கு. உங்களோடதாவே இருக்கட்டும். என்னோடதா இருந்திருந்தா நான் எதுக்கு உங்களுக்கு மடல் எழுதிகிட்டு இருக்க போறேன், வீட்டுக்கு தூக்கிட்டு போயிருப்பேன். சொத்துன்னு சொல்றவங்க சொத்த சைஸ் பாத்து லோரில ஏத்த மாட்டாங்க.

லோரி போன எடத்துக்கும் நான் போனேன். பிறை தொழிற்பேட்டை பக்கத்துல ஒரு யார்டு. ரெண்டு நாள் மழை வேற. அங்க இருந்த சீன அங்கிள் நல்ல மனுஷன், நீயே தேடிக்கோன்னு விட்டுட்டாரு. மத்தியானம் மூனு மணி வரைக்கும் பிளாஸ்டிக் மூட்டைங்கள கவுத்து கவுத்து தேடினேன், ஒரு கோணிக்குள்ள ஒம்போது டேப்பு கெடைச்சுது. ஈரம். 44, 45, 49, 60, 61, 63, 70, 71, 76. என் கையெழுத்து லேபில்ல மை ஓடியிருக்கு. இப்ப அதுங்கள காத்தாட வெச்சு காய வெச்சுகிட்டு இருக்கேன், ஹேர் டிரையர் போடலாம்ல அண்ணேன்னு என் பையன் கூட்டாளி ஒருத்தன் கேட்டான், சூடு பட்டா டேப்பு நெளிஞ்சிடும், போடக்கூடாது. 28 டேப்பு இன்னும் காணோம். 58 கெடைக்கல.

இதுக்கு நடுவுல உங்க பொன்விழா காணொளி வந்துச்சு. ஆறு நிமிஷம். நாலு நிமிஷம் செயலவை உறுப்பினர்ங்க மெதுவா நடந்து வராங்க, டிரோன்ல கட்டடம், சரி, விழான்னா அப்படி தான். 40 செகண்டு நம்ம பெருசுங்க வராங்க, டிவிடியிலேர்ந்து உருவினது, படம் அகலமா இழுபட்டு எல்லாரும் குண்டா தெரியறாங்க. வாய் அசையுது, சத்தம் இல்ல. மேல வயலின். கீழ "நம் முன்னோர்"னு ஒரு வரி. பேரு இல்ல, தோட்டம் இல்ல. கூலிம் பாட்டியோட பேரன், பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி வேல பாக்கற பையன், எனக்கு அனுப்பி கேக்கறான்: "அண்ணே இது எங்க பாட்டி தானே? என்ன சொல்றாங்க இதுல? எங்க வீட்டுல அவங்க கொரலே இல்லண்ணே, வீடியோ எடுக்கற ஹேன்போன் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாங்க, இருக்கறதெல்லாம் ஃபோட்டோ தான்."

அவனுக்கு நான் இன்னும் பதில் போடல. என்னன்னு போடறது, நீங்களே சொல்லுங்க.

என் பேரு அதுல இல்லங்கறத பத்தி நான் பேசல. 30 வருஷம் ஆகப்போகுது, பேரு இல்லாம எவ்ளவோ வேல செஞ்சாச்சு. 2010 வாக்குல எல்லாரும் கேனன் 5டி மார்க் டூவுக்கு மாறினப்ப நானும் கடன் வாங்கி மாறினேன், படம் சினிமா மாதிரி இருக்கும், ஆனா 12 நிமிஷத்துல தானா நின்னுடும், சரியா ஆளு கலங்கற நேரத்துல நின்னுடும், வெறுத்து போச்சு. 2020 மார்ச் 18ல எம்சிஓ (கொரோனா ஊரடங்கு) வந்தப்ப ஒரே வாரத்துல 11 கல்யாணம் ரத்து, அந்த வருஷம் பூரா மோட்டார்ல சாப்பாடு டெலிவரி செஞ்சேன். இபிஎஃப் சேமநிதியில என் பேருல என்ன இருக்குன்னு கேக்காதீங்க, சிரிப்பீங்க. யூஎஸ்எம் பல்கலைக்கழகத்துல கம்யூனிகேஷன் படிக்கற ஒரு பொண்ணு என்கிட்ட வேல கத்துக்க வருது, நல்ல கண்ணு அதுக்கு, எனக்கு அந்த வயசுல அப்படி இல்ல. போன வாரம் அது தான் ஈரமான டேப்ப ஒவ்வொன்னா பிரிச்சு வெச்சுது. "சார், உங்க பெஸ்ட் வொர்க் எதுன்னு சொல்லுவீங்க?"ன்னு கேட்டுச்சு. கேள்விய பாருங்க. டேப்புங்க மேசையில பரத்தி கெடக்கு, நான் அத காட்டினேன்.

அரசாங்கம் 1946லேர்ந்து மலாயா ஃபிலிம் யூனிட்டு, ஃபிலிம் நெகாரான்னு படம் எடுத்திருக்கு, அதுல நம்ம ஆளுங்களும் பாலு வெட்டுவாங்க, சிரிப்பாங்க, பின்னால வேற ஒருத்தரு கொரலு விளக்கம் சொல்லும். நம்ம ஆளு தானே ஒக்காந்து ஒரு மணி நேரம் தன் கதைய சொல்றது அதுல எங்க இருக்கு? அது சங்கங்களோட ஸ்டோர்ல தான் இருக்கு. பினாங்குலயும் கெடாவுலயும் எத்தன சங்கம், எத்தன கோயிலு, எத்தன மாடிப்படிக்கு கீழ என்னென்ன கெடக்குதோ.

இப்ப நான் கேக்கறது.

மொதல்ல அந்த லோரிய நிறுத்துங்க. இன்னைக்கே. காவலாளி அண்ணனுக்கு ஒரு ஃபோன் போட்டா போதும். லோரி ரெண்டு நடை போச்சுன்னு அவரு சொல்றாரு, நான் தேடினது ஒரு யார்டுல தான், ரெண்டாவது நடை எங்க போச்சுன்னு லோரிக்காரருக்கு தான் தெரியும், அவர் நம்பர் செயலாளர் அண்ணன்கிட்ட இருக்கு, நாலு தடவ கேட்டுட்டேன், தயவு செஞ்சு குடுங்க.

மிச்சம் இருக்கற 127 டேப்ப என்கிட்ட ஒப்படைங்க, எழுதி வாங்கிகிட்டே ஒப்படைங்க, கையெழுத்து போடறேன், சங்கத்து சொத்துன்னே போட்டுக்கலாம். அதோட இந்த ஒம்போதும் சேத்தா 136 மணி நேரம். ராத்திரிக்கு நாலு டேப்பு ஓட்டினா 34 ராத்திரி. எடம் 1.8 டிபி வரும், 4 டிபி டிஸ்க்கு ரெண்டு போதும், ஒன்னு சங்கத்துல ஒன்னு வேற கட்டடத்துல. டிஸ்க்கு காச நீங்க குடுத்தா நல்லது, எனக்கு தர்ற கேடயம், மாலைக்கு ஒதுக்கினத இதுக்கு திருப்பி விடுங்க. குடுக்கலன்னாலும் செய்வேன். என் உழைப்புக்கு ஒரு வெள்ளியும் வேணாம்.

ஏத்தி முடிச்சதும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவங்க பெருசு பேசினதோட காப்பி, வெட்டாம, இலவசமா. 61 குடும்பத்துல 40 குடும்பத்தோட நம்பர் என்கிட்ட இருக்கு, மத்தத தேடறது சங்கத்தோட பொறுப்பு, உங்களுக்கு தான் எல்லா ஊர்லயும் ஆள் இருக்கு. இன்னொரு காப்பி தேசிய ஆவணக் காப்பகமான ஆர்க்கிப் நெகாராவுக்கும் யூஎஸ்எம் நூலகத்துக்கும் குடுக்க சங்கத்து பேருலயே கடிதம் எழுதுங்க, வாங்கிக்குவாங்களான்னு கேட்டாவது பாருங்க, நான் போயி கேட்டா ஒரு கல்யாண வீடியோக்காரன் கேட்ட மாதிரி இருக்கும், சங்கம் கேட்டா வேற.

பொன்விழா காணொளிய எடுத்துட்டு அந்த 40 செகண்டுல வயலின நிறுத்துங்க. அவங்க கொரல போடுங்க. கீழ அவங்க பேரும் தோட்டத்து பேரும் வரணும், பட்டியல் என் நோட்டுல இருக்கு, கேட்டா அனுப்பறேன்.

"பயன்பாடற்ற பழைய பொருள்கள்"ங்கற அந்த தீர்மானத்துலேர்ந்து டேப்புங்கள நீக்கி அடுத்த கூட்டத்துல குறிப்பு எழுதுங்க. ஏகமனதா வேணாம், பெரும்பான்மை போதும்.

விருதுலேர்ந்து என் பேர எடுத்துடுங்க. எனக்கு மேடையில ஒதுக்கின பத்து நிமிஷம் இருக்குல்ல, அதுல டேப் 112 போடுங்க. நிபோங் தெபால் தாத்தா, தண்டல் (தோட்டத்துல வேலைய மேல்பார்வை பாக்கறவன்) அடிச்சத பத்தி சொல்லிட்டு நடுவுல தண்ணி குடிப்பாரு, கொஞ்ச நேரம் ஒன்னுமே பேசமாட்டாரு, யாராவது ஒன்னுமே நடக்கலையேன்னு சொன்னா இந்த தடவ நான் வெட்டமாட்டேன். சிறப்பு விருந்தினர் அந்த நேரத்துல வந்தாருன்னா வாசல்ல ஒரு நிமிஷம் நிக்கட்டும்.

வர்ற சனிக்கிழமை காலையில ஒம்போது மணிக்கு கூட்டாளியோட வேன எடுத்துகிட்டு சங்க கட்டடத்துக்கு வரேன், அந்த பொண்ணும் வரும். ஸ்டோர் சாவி அன்னைக்கு யார்கிட்ட இருக்கும்னு மட்டும் சொல்லுங்க.

இப்படிக்கு,
1996லேர்ந்து பினாங்குல கேமரா புடிக்கற ஒருத்தன்
பட்டர்வொர்த்